ஸ்கோர் புத்தகம் சொல்லாத கணக்கு

யாழ்ப்பாணத்தில் 'கல்லூரி' என்றால் பாடசாலை என்று பொருள். தமிழகத்து நண்பர்கள் இதைக் கேட்டுச் சற்றே குழம்புவதுண்டு. மத்திய கல்லூரி, சென் ஜோன்ஸ் கல்லூரி, சென் பற்றிக்ஸ் கல்லூரி, இந்துக் கல்லூரி என்று பெயர் தாங்கி நிற்பவை எல்லாம் பள்ளிக்கூடங்களே. அங்கே கல்லூரி அணிக்கு ஆடுபவன் பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவனாகவும் இருக்கலாம். அந்தச் சிறுவனைப் பற்றித்தான் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் குடாநாட்டிலும், குடாநாட்டை நினைத்துக்கொண்டே வாழும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் ஒரு கேள்வி எழுகிறது: "இந்தப் பெடியன் நாட்டுக்கு விளையாடுவானா?"

இதே கேள்வியை வேறொரு நாட்டில் வேறொரு விளையாட்டைப் பற்றிக் கோடிக்கணக்கானோர் கேட்கிறார்கள். அமெரிக்கக் காற்பந்தில் 'குவார்ட்டர்பேக்' என்பவரே அணியின் மூளை. பல்கலைக்கழக அணியில் பந்தெறிந்து புகழ்பெற்ற ஓர் இளைஞர் தொழில்முறை அணியில் நிலைப்பாரா, நிலைத்தால் எத்தனை புள்ளி பெற்றுத் தருவார் என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் வாதிடுவார்கள். இதற்கு அவர்களிடம் 'ஃபேன்டசி' என்றொரு ஆட்டம் இருக்கிறது. உண்மையான வீரர்களைக் கொண்டு ஒவ்வொருவரும் ஒரு கற்பனை அணி அமைப்பார்கள். அந்த வீரர்கள் மைதானத்தில் செய்வதற்கேற்பப் புள்ளிகள் சேரும். 1962-இல் ஓக்லண்ட் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான வில்ஃப்ரெட் விங்கன்பாக் தம் நண்பர்களுடன் வகுத்த பொழுதுபோக்கு இது. இந்தியாவில் 2008-இல் தொடங்கிய ட்ரீம்11 இதையே கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்ததும் அந்நிறுவனம் கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. பணம் போனாலும் பழக்கம் போகவில்லை. வீரனை எண்களாகப் பார்க்கும் கண் நம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

அந்தக் கண் யாழ்ப்பாணத்துச் சிறுவர்களைச் சரியாகப் பார்க்கிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

நிபுணர்கள் தோற்ற இடம்

முதலில் அமெரிக்கர்களின் அனுபவத்தைப் பார்த்துவிடுவோம். கணிப்பதற்கென்றே அவர்களைப் போலப் பணம் செலவிட்டவர்கள் உலகில் அரிது. வீரனின் ஓட்டத்தை நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். உயரம், உள்ளங்கை அகலம், தாவும் தூரம் எல்லாவற்றையும் குறிப்பார்கள். அப்படி அளந்தும் 1998-இல் என்ன நடந்தது? பெய்ட்டன் மானிங், ரையன் லீஃப் என்று இரண்டு பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக்குகள் முதல் இரண்டு இடங்களில் தேர்வானார்கள். இருவரில் யார் சிறந்தவர் என்று அன்று கடும் விவாதம் நடந்தது. மானிங் அந்த விளையாட்டின் பெருவீரர்களில் ஒருவரானார். லீஃப் ஒருசில ஆண்டுகளிலேயே ஒதுங்கிப்போனார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 2000-இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டொம் பிரேடியை 198 பேருக்குப் பின்னர் 199-ஆவது ஆளாக ஓர் அணி எடுத்தது. அவர் ஏழு முறை சூப்பர் போல் வென்றார்.

கணிப்பு ஏன் தவறுகிறது? பல்கலைக்கழக ஆட்டத்தில் அவன் பெற்ற எண்கள் அவனுடையவை மட்டுமல்ல. எதிரணியின் பலவீனம், தன் அணியின் வலிமை, பயிற்றுநர் வகுத்த ஆட்டமுறை, ஆடிய மைதானம் எல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. மேல்தளத்துக்குப் போகும்போது இவையெல்லாம் கழன்றுவிடும், மிஞ்சுபவன்தான் வீரன். பந்தெறிய மூன்று நொடி கிடைத்த இடத்தில் இரண்டு நொடிதான் கிடைக்கும் என்றால் என்ன செய்வான்? இதற்கு எந்த அளவுகோலும் முன்கூட்டிப் பதில் சொல்வதில்லை.

இலங்கையின் விளைநிலம்

அமெரிக்கக் காற்பந்துக்குப் பல்கலைக்கழகம் எப்படியோ, இலங்கைக் கிரிக்கெட்டுக்குப் பாடசாலை அப்படி. இந்தியாவில் ரஞ்சிக் கிண்ணம் செய்த வேலையை இலங்கையில் நெடுங்காலம் பாடசாலை ஆட்டங்களே செய்தன. கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான பெரும் போட்டி 1879-இல் தொடங்கியது. அதில் 1972-இல் 184 ஓட்டங்கள் எடுத்த துலீப் மெண்டிஸ் பின்னர் இலங்கை அணியின் தலைவரானார். 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியபோது, ஆனந்தாக் கல்லூரியின் பதினெட்டு வயது அர்ஜுன ரணதுங்க அணியில் இருந்தார். இலங்கைக்காக முதல் டெஸ்ட் அரைச்சதம் அடித்தவரும் அவரே. பாடசாலை மைதானத்துக்கும் டெஸ்ட் மைதானத்துக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான்.

அந்த முதல் டெஸ்ட் நடந்த மைதானத்தையும் சொல்ல வேண்டும். கொழும்பு தமிழ் யூனியன் கிரிக்கெட், மெய்வல்லுநர் கழகத்துக்கு உரியது அது. பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரைத் தாங்கியது. தமிழ் யூனியன் 1899-இல் தோன்றியது. தமிழர் கழகமொன்றின் புல்தரையிலிருந்துதான் இலங்கையின் டெஸ்ட் வரலாறு தொடங்குகிறது என்பது பலர் மறந்துவிட்ட செய்தி.

அப்படியிருக்க, வடக்கில் கிரிக்கெட் இல்லையா? இருந்தது, இருக்கிறது. 1816-ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் 1823-இல் தொடங்கிய சுண்டுக்குளி சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் மோதி வருகின்றன. 'வடக்கின் பெருஞ்சமர்' என்று ஊர் அதை அழைக்கிறது. சென் பற்றிக்ஸ் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலானது 'பொன் அணிகளின் போர்'. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கும் 'இந்துக்களின் போர்'. உண்மைப் போர் நடந்த மண்ணில் விளையாட்டுக்கும் போரென்றே பெயர் வைத்திருக்கிறோம். 

நூற்றிருபது ஆண்டுகள் ஆடிய மண் அது. அதிலிருந்து இலங்கை அணிக்குப் போனவர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணுவதற்கே திணற வேண்டியிருக்கிறது. இலங்கைத் தமிழரில் பேர்பெற்றவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மகாதேவன் சதாசிவம் 1947-இல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். 1948-இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர். அவர் படித்தது கொழும்பு வெஸ்லிக் கல்லூரியில். முத்தையா முரளிதரன் கண்டி சென் அந்தனீஸ் கல்லூரியின் மாணவர். இருவரும் தமிழர், ஆனால் இருவரையும் வளர்த்தது குடாநாட்டு மைதானம் அல்ல.

திறமை இல்லாததால் இப்படி என்று சொல்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே புறக்கணித்தார்கள், அதுதான் ஒரே காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் சுலபமான விடைகள். நடந்ததைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தரை, தளம், தூரம்

முதற்காரணம் தரை. கொழும்பின் பெரிய பாடசாலைகள் புல்தரை ஆடுகளத்தில் ஆடிய காலத்தில் வடக்கின் பெரும்பாலான மைதானங்களில் விரிப்புத்தான். ஊரில் 'மேட்டிங்' என்பார்கள். விரிப்பில் பந்து சீராக உயரும். பின்காலில் நின்று வெட்டியும் மடக்கியும் ஆடுபவனுக்கு அது சொர்க்கம். சுழற்பந்து வீச்சாளனுக்கும் அப்படியே. பந்து பற்றித் திரும்பும், எகிறும். அதே துடுப்பாட்ட வீரன் புல்தரைக்குப் போனால் பந்து தாழ்ந்து வரும், புதிய பந்து தரையில் பட்டதும் விலகும், முன்காலை நீட்டி ஆட வேண்டியிருக்கும். பத்தாண்டு பழகிய காலை ஒரே வாரத்தில் மாற்றச் சொன்னால் அவன் என்ன செய்வான்? தெரிவுப் போட்டிக்குக் கொழும்பு வந்து முதல் பத்து ஓட்டங்களுக்குள் ஆட்டமிழக்கும் வடக்குப் பையனைப் பார்க்கும் தேர்வாளர் 'இவனுக்கு ஆட்டநுணுக்கம் போதாது' என்று எழுதிக்கொள்வார். எழுதியது பொய்யல்ல. ஆனால் அவர் அளந்தது பையனையல்ல; பையன் வளர்ந்த தரையை.

இரண்டாவது காரணம் தளம். இலங்கைப் பாடசாலைக் கிரிக்கெட் பல பிரிவுகளாக நடப்பது. யாழ்ப்பாணப் பாடசாலைகள் நெடுங்காலம் கீழ்ப் பிரிவுகளிலேயே ஆடின. கீழ்ப் பிரிவில் எடுத்த ஐம்பது விக்கெட்டுக்கும் முதற்பிரிவில் எடுத்த ஐம்பது விக்கெட்டுக்கும் விலை ஒன்றல்ல. அதனால் யாழ்ப்பாணத்து எண்களைத் தேர்வாளர்கள் தள்ளுபடி செய்தே வாசித்தார்கள். தள்ளுபடி செய்வது நியாயம். எவ்வளவு தள்ளுவது என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைப் போட வலிய அணிகளுடன் அடிக்கடி மோத வேண்டும். மோதினால்தானே வேறுபாடு தெரியும்! மோத வழியில்லாத இடத்தில் தள்ளுபடி என்பது முழுத்தொகையையும் கழித்துவிடுவதாக ஆகிவிட்டது.

வழி ஏன் இல்லை? மூன்றாவது காரணத்துக்கு வருகிறோம். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். யாழ்தேவி ஓடிய காலத்தில் அது ஒரு பகற்பயணம். 1983 ஜூலைக்குப் பிறகு அந்தப் பயணம் அச்சமாயிற்று. 1990-இல் ரயில் நின்றது. மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014 அக்டோபரில்தான். ஏ9 நெடுஞ்சாலை 2002-இல் திறந்து 2006 ஆகஸ்டில் மூடி 2009-இல் மீண்டும் திறந்தது. மத்திய கல்லூரி மைதானம் கோட்டைக்கு அண்மையில் இருக்கிறது. கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த நாட்களில் அந்த மைதானத்தில் யார் மட்டையைத் தூக்க முடியும்? பெருஞ்சமரே சில ஆண்டுகள் நடைபெறவில்லை. 1995 அக்டோபரில் வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது, அந்த ஊர்வலத்தில் அவ்வாண்டின் தொடக்க ஆட்டக்காரர்களும் பந்துவீச்சாளர்களும் இருந்திருப்பார்கள். பதினெட்டு வயதில் ஒரு பருவம் தவறினால் பாடசாலை வீரனுக்கு அடுத்த பருவம் என்று ஒன்று கிடையாது.

எரிந்துபோன எண்கள்

நான்காவது காரணத்தைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வீரனைக் கணிக்க அவனுக்கு முன் வந்தவர்களின் பதிவு வேண்டும். இந்தப் பாடசாலையில் இத்தனை ஓட்டம் எடுத்தவர் பின்னாளில் இப்படி ஆடினார் என்ற தொடர்ச்சி இருந்தால்தான் இன்றைய எண்ணுக்குப் பொருள் பிறக்கும். அமெரிக்கர்களிடம் அந்தத் தொடர்ச்சி பல பத்தாண்டுகளுக்கு இருக்கிறது. கொழும்பின் பெரிய பாடசாலைகளிடமும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பதிவு எங்கே இருந்தது? உள்ளூர்ப் பத்திரிகையில், நூலகத்தில், பாடசாலையின் ஸ்கோர் புத்தகத்தில். 1959-இல் தொடங்கிய 'ஈழநாடு' குடாநாட்டின் செய்திகளை நாள்தோறும் தாங்கி வந்த ஏடு. 1981 ஜூன் தொடக்கத்தில் அதன் பணிமனை எரிக்கப்பட்டது. அதே நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிந்தது. அந்த எரிப்பைப் பற்றி எழுதும்போது நாம் சுவடிகளைச் சொல்வோம், அரிய நூல்களைச் சொல்வோம். சரிதான். ஆனால் ஒரு சமூகத்தின் அன்றாடக் கணக்கும் அப்படிப்பட்ட இடங்களில்தான் உறங்கும். பழைய நாளிதழ்க் கட்டுகளின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், 'பிடி', 'ஆட்டமிழக்காமல்' என்று அச்சான பெயர்களும் அந்த வரலாற்றில் சேர்ந்தவை. தீ அவற்றை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

பதிவு போனால் என்ன மிஞ்சும்? நினைவு மிஞ்சும். நினைவுக்கு ஒரு குணம் உண்டு. அது சராசரியைச் சேமிப்பதில்லை, உச்சத்தை மட்டும் சேமிக்கும். 'அந்தக் காலத்தில் ஒருவன் இருந்தான், அவன் மட்டும் கொழும்பில் பிறந்திருந்தால்...' என்று தொடங்கும் கதைகள் ஒவ்வொரு பாடசாலைக்கும் உண்டு. அவற்றில் பல உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நிறுவ முடியாத புகழ் அடுத்த தலைமுறைக்குப் பயன்படாது. தேர்வாளரின் மேசையில் அதை வைக்க முடியாது.

முரளி தரும் பாடம்

இந்த இடத்தில் கண்டிக்குப் போய் வருவது நல்லது. ஒரு பாடசாலை வீரனை எண்களைக் கொண்டு கணிப்பதன் வலிமையும் பலவீனமும் ஒரே மனிதரில் தெரியும் இடம் அது.

முரளிதரன் சென் அந்தனீஸில் முதலில் மிதவேகப் பந்து வீசியவர். பதினான்கு வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனையின் பேரில் சுழற்பந்துக்கு மாறினார். கடைசி இரண்டு பாடசாலைப் பருவங்களிலும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள். 1990/91-க்கான சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருது. பிறகு தமிழ் யூனியன் கழகம். இதுவரை எண்கள் சொன்ன வழியே வாழ்க்கை போயிற்று.

1991-இல் இலங்கை 'ஏ' அணியோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். ஐந்து ஆட்டங்கள் ஆடினார். ஒரு விக்கெட்கூட விழவில்லை. அன்று ஃபேன்டசி ஆட்டம் நம்மிடையே இருந்திருந்தால், முதல் வாரத்திலேயே அத்தனை பேரும் அவரைத் தம் அணியிலிருந்து கழற்றியிருப்பார்கள். பூச்சியத்தை வைத்திருப்பவன் ஏமாளி என்பதல்லவா அந்த ஆட்டத்தின் அறம்? ஆனால் தேர்வாளர்கள் கழற்றவில்லை. 1992 ஆகஸ்ட் 28-இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக கெத்தாராமவில் முதல் டெஸ்ட். 141 ஓட்டங்களுக்கு மூன்று விக்கெட். 2010 ஜூலையில் காலியில் அவர் விடைபெறும்போது எண்ணிக்கை 800.

பூச்சியத்துக்கும் எண்ணூறுக்கும் நடுவே நின்றது முரளியின் மணிக்கட்டு மட்டுமல்ல, இரண்டாவது வாய்ப்பும்கூட. அவரது பாடசாலை எண்களைத் தேர்வாளர்கள் நம்பினார்கள். நம்பியதற்குக் காரணம், அந்த எண்கள் அவர்களுக்குப் பழகிய மைதானங்களில் பிறந்தவை. இதே நூறு விக்கெட்டுகளை ஒரு பையன் யாழ்ப்பாணத்து விரிப்பில் எடுத்துவிட்டு, இங்கிலாந்தில் பூச்சியத்தோடு திரும்பியிருந்தால்? அவனை யாரும் இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பதுதான் நேர்மையான விடை.

ஏணியில் ஏறிய ஒருவர்

போர் முடிந்து பதினோராண்டுகள் கழித்து அந்த விடை சற்றே மாறத் தொடங்கியது. 2020-இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி உருவானது. புலம்பெயர் தமிழர் சிலரும் அதில் முதலிட்டார்கள். அதுதான் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ். அடுத்த ஆண்டு லைக்கா நிறுவனத்தின் கைக்கு வந்து ஜஃப்னா கிங்ஸ் ஆனது. முதல் மூன்று பருவங்களிலும் கிண்ணம் அந்த அணிக்கே. ஆனால் அந்தக் கிண்ணத்துக்கான ஒரு போட்டிகூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. பெயர் மட்டும் ஊருடையது.

பெயரோடு ஒரு பையனும் போனார். மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த், மணிக்கட்டைச் சுழற்றி வீசும் லெக் ஸ்பின்னர். 2020 டிசம்பர் 4-ஆம் திகதி, பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அம்பாந்தோட்டையில் கொழும்பு அணிக்கு எதிராகக் களமிறங்கினார். அந்த லீக்கில் ஆடிய முதல் யாழ்ப்பாணத்தவர் அவர். அவருடைய முதல் விக்கெட் இலங்கையின் முன்னாள் அணித்தலைவர் ஏஞ்சலோ மெத்யூஸ்.

அன்றே ஊரில் பட்டாசு வெடித்தது போன்ற மகிழ்ச்சி. இணையத்தில் 'அடுத்த முரளி' என்றார்கள். என்னைக் கேட்டால், அந்த ஒரு விக்கெட்டைவிட அதற்குப் பின் நடந்ததே முக்கியம். அடுத்தடுத்த பருவங்களிலும் அவரை அணி வைத்துக்கொண்டது. வங்கதேச லீக்கில் சட்டோகிராம் அணி அழைத்தது. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இலங்கைக்காக ஆடினார். 2024 தொடக்கத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தில் எம்.ஐ. எமிரேட்ஸ். அவ்வாண்டு ஏப்ரலில் காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக ஹைதராபாத் சன்ரைசர்ஸ் 50 இலட்சம் இந்திய ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. மே மாதம் டி20 உலகக் கிண்ணத்துக்கு இலங்கை அணியோடு மேலதிக வீரராகப் பயணிக்கும் நால்வரில் ஒருவராக அறிவிக்கப்பட்டார்.

ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடச் சற்று உயரம். தரை மாறியது, எதிராளி மாறினார், பந்துகூட மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அடுத்த அழைப்பு வந்தது. ஒரு வீரனைக் கணிக்க இதைவிட நம்பகமான அளவுகோல் எனக்குத் தெரியாது. பாடசாலையில் எத்தனை விக்கெட் என்பதல்ல, படி மாறும்போது எவ்வளவு இழந்தான் என்பதே கேள்வி.

27 ஓட்டங்களின் விலை

ஐ.பி.எல். முதல் ஆட்டத்தையே உதாரணமாகக் காட்டலாம். 2024 மே 8, ஹைதராபாத். எதிரணி லக்னோ. வியாஸ்காந்த் நான்கு ஓவர் வீசி 27 ஓட்டங்கள் கொடுத்தார், விக்கெட் இல்லை. கற்பனை அணியில் அவரை வைத்திருந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். அங்கே பந்துவீச்சாளனுக்கு வருமானம் பெரும்பாலும் விக்கெட்டில்தான்.

கிரிக்கெட் கணக்கு வேறு. லக்னோ அன்று இருபது ஓவரில் 165 ஓட்டங்கள் எடுத்தது. ஓவருக்கு எட்டுக்கு மேல். வியாஸ்காந்த் கொடுத்தது ஓவருக்கு ஏழுக்கும் குறைவு. பின்னர் ட்ராவிஸ் ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் அந்த இலக்கை 9.4 ஓவரில், விக்கெட் இழப்பின்றி எட்டினார்கள். துடுப்பாட்டக்காரர்களுக்கு அவ்வளவு இணக்கமான இரவு அது. அந்த இரவில், அந்த மைதானத்தில், முதன்முறை ஆடும் லெக் ஸ்பின்னர் நான்கு ஓவரையும் முழுமையாக வீசி 27 ஓட்டங்களோடு வெளியேறினார். அணித்தலைவர் நான்காவது ஓவரையும் அவரிடமே கொடுத்தார் என்பது எந்தப் புள்ளிப்பட்டியலிலும் ஏறாத எண். எனக்கு அந்த எண்தான் பெரிதாகத் தெரிகிறது.

இதனால் அவர் பெரிய வீரராகிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றே ஐ.பி.எல். ஆட்டங்கள் எதையும் நிறுவுவதில்லை. கீழிருந்து வரும் ஒருவரை எப்படி வாசிப்பது என்பதற்கு அவர் ஒரு பாடம், அவ்வளவே.

நாம் என்ன செய்கிறோம்?

2024-இல் சென் ஜோன்ஸ் கல்லூரியின் குகதாஸ் மாதுளன் வீசிய ஒரு யோர்க்கர் காணொளி உலகம் சுற்றியது. லசித் மாலிங்கவை ஒத்த வீச்சு. அதே ஆண்டில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் ஆசியக் கிண்ணத்துக்கான இலங்கை அணியிலும் அவர் இடம்பெற்றார். சில நொடிக் காணொளியைக் கண்டதும் 'சென்னை சூப்பர் கிங்ஸ் எடுக்க வேண்டும்' என்று எழுதியவர்கள் பலர். எழுதியவர்களின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தேர்வாளர் அலட்சியத்தால் செய்ததை நாம் ஆர்வத்தால் செய்கிறோமோ என்ற ஐயம் உண்டு. அவர் பார்க்காமலே தள்ளினார். நாம் பார்க்காமலே தூக்குகிறோம். இரண்டிலும் பையனின் ஆட்டம் கண்ணில் படுவதில்லை.

பெரிய கனவு சுமக்கும் பதினேழு வயதுத் தோள் எளிதில் வளையும். ஒரு பருவம் சறுக்கினால் இதே வாய்கள் வேறொரு பெயரைத் தேடிப் போகும். முரளிக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பைத் தேர்வாளர் கொடுப்பாரா என்பது நம் கையில் இல்லை. ரசிகன் கொடுப்பானா என்பது நம் கையில்தான் இருக்கிறது.

செய்யக்கூடியவை பகட்டில்லாதவை. ஒவ்வொரு பாடசாலை ஆட்டத்தின் முழு ஸ்கோரையும் பதிவு செய்து பொதுவில் வையுங்கள். ஆடியது விரிப்பிலா புல்தரையிலா, எதிரணி எந்தப் பிரிவு, வீரனின் வயதென்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர் சங்கங்கள் அனுப்பும் பணத்தில் கிண்ணத்துக்கும் விருந்துக்கும் போக ஒரு பங்கைப் புல்தரை ஆடுகளத்துக்கும், கொழும்பு, கண்டி, காலிப் பாடசாலைகளுடனான பயண ஆட்டங்களுக்கும் ஒதுக்குங்கள். 2025 செப்டம்பர் முதல் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். நல்ல செய்தி. ஆனால் பெரிய மைதானம் வீரனை உருவாக்காது, உருவானவனைக் காட்டும். உருவாக்குவது பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் பயிற்சிக் களம்.

அமெரிக்கர்கள் தம் குவார்ட்டர்பேக்கை இத்தனை அளந்தும் தவறுகிறார்கள் என்றால், அளக்கவே படாத யாழ்ப்பாணத்துப் பையனைப் பற்றி இரு பக்கமும் தீர்ப்பு எழுதியவர்கள் எதை நம்பி எழுதினார்கள்? 1904 முதல் எத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் அந்த மைதானங்களில் வந்து போனார்கள் என்பதற்கு இனி விடை கிடைக்காது. அடுத்த மார்ச்சில் களமிறங்கப் போகும் இருபத்திரண்டு பேரைப் பற்றியாவது இருபதாண்டுகள் கழித்து ஒருவர் இப்படி எழுத நேராதிருக்கட்டும்.